சிக்னல் இல்லை என்று சொன்ன டிவி

கோவை காந்திபுரத்தில் ஒரு சலூனுக்கு நேர் எதிரே மாடிப்படி ஏறினால் ஒரு ரிப்பேர் கடை. அங்கே ஒரு குரு இருந்தார். ஒரு சிஷ்யரும் இருந்தார். குருவுக்கு வயது முப்பத்தாறு. சிஷ்யருக்கு அறுபத்து மூன்று.

குருவின் பெயர் முபீனா. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சிஷ்யரின் பெயர் பத்மநாபன். இன்ஜினியரிங் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தி, துறைத்தலைவராக ஓய்வு பெற்றவர்.

ஓய்வு பெற்ற புதிதில் பத்மநாபன் வீட்டு ரேடியோவைப் பிரித்து ஒன்பது நாள் போராடினார். கடைசியில் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு இந்தப் படியேறினார். முபீனா காதை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து, குமிழை இப்படியும் அப்படியும் ஒருமுறை திருகி, ஒரே ஒரு இடத்தில் ஈயம் வைத்தார். ரேடியோ பாடியது.

மறுநாள் காலை பத்மநாபன் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"என்னங்க சார், மறுபடி போச்சுங்களா?"

"ரேடியோ நல்லா இருக்குதுங்க. என்னைச் சேர்த்துக்குவீங்களா?"

முபீனா சிரித்துவிட்டார். அப்புறம் அவர் நிஜமாகத்தான் கேட்கிறார் என்று தெரிந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது.

ஒரு புதன்கிழமை சாந்தாமணி என்ற பெண்மணி கடைக்கு வந்தார். போத்தனூரில் ஒரு தபால் நிலையத்தில் வேலை. வயது ஐம்பத்தொன்று. பழைய சேலையில் சுற்றிய ஒரு பொருளை மேசைமேல் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி கிடத்தினார்.

பிரித்தால் ஒரு தடித்த விசைப்பலகை. அவ்வளவுதான். கம்ப்யூட்டரே அந்த விசைப்பலகைக்குள்தான் இருக்கிறது. வீட்டு டிவியில் செருகினால் டிவிதான் அதற்குத் திரை. பத்மநாபனின் கண்கள் விரிந்தன.

"எண்பத்தஞ்சு, எண்பத்தாறு மாடலுங்களா?"

"ஆமாங்க. எங்கப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது. இப்ப டிவியில போட்டா படமே வர மாட்டேங்குதுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகுங்களா?"

"அப்படி என்னங்க அவசரம்?" என்றார் முபீனா.

சாந்தாமணி சேலையை மடித்தபடி சொன்னார். அவருக்கு ஓர் அண்ணன், குழந்தைவேலு. மஸ்கட்டில் இருக்கிறார். அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் சாந்தாமணியின் வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போனது. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றார் அண்ணன். அச்சுக்குப் போகுமுன் நீ பார்க்கவில்லையா என்றார் தங்கை. அன்றோடு பேச்சு நின்றது. பதினோரு வருடம்.

"போன வாரம் அவருகிட்ட இருந்து ஒரு மெசேஜ் வந்துச்சுங்க. சௌக்கியமான்னுகூட கேக்கல. 'அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் இருக்குதா?' அவ்வளவுதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'இருக்குது'ன்னேன். 'ஞாயித்துக்கிழமை வர்றேன், பூனை ஆடலாம்'னு பதில் வந்துச்சு. இப்ப லீவுல ஊருக்கு வந்திருக்காருங்க, திங்கக்கிழமை மறுபடி கிளம்பிருவாரு."

பூனை என்பது ஒரு விளையாட்டு. கிணற்றுக்குள் விழுந்த பூனை மேலே ஏற வேண்டும். மேலேயிருந்து வாளிகள் விழும். அடிபடாமல் தப்ப வேண்டும். பதின்மூன்று வயதில், அண்ணன் மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்த நேரத்தில், சாந்தாமணி நாற்பத்தோராயிரம் புள்ளி எடுத்தாராம். யாரும் பார்க்கவில்லை. அண்ணன் இன்றுவரை நம்பவில்லை.

"இது சரியாகலைன்னா எங்க வீட்டுக்கு வர்றதுக்கு அவருக்கு வேற சாக்கு கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டுச் சாந்தாமணி படியிறங்கினார்.

முபீனா சிஷ்யரைப் பார்த்தார். "நீங்களே பாருங்க சார். இது உங்க காலத்துச் சாமான்."

பத்மநாபனுக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடுகூட ஞாபகம் வரவில்லை.

கடைச் சுவரில் ஒரு புது டிவி மாட்டியிருந்தது. மெல்லியது, பெரியது. கம்ப்யூட்டரை அதில் செருகினார். திரை நீலமாக மாறியது. நடுவில் எழுத்து வந்தது: சிக்னல் இல்லை.

அடாப்டரை மீட்டர் வைத்துப் பார்த்தார். மின்சாரம் சரியாக வந்தது. மூடியைக் கழற்றினார். இரண்டு கண்டென்சர்கள் வீங்கியிருந்தன. மாற்றினார். சிக்னல் இல்லை. ஒயரை மாற்றினார். சிக்னல் இல்லை. டிவியைச் சேனல் தேட விட்டார். அது கடைசிவரை தேடி, திரும்பி வந்து அதையே சொன்னது.

வியாழக்கிழமை வீட்டிலிருந்து, மின் அலைகளைப் படமாகக் காட்டும் தன்னுடைய ஆசிலாஸ்கோப்பைக் கொண்டுவந்தார். அதில் அலைகள் தெரிந்தன. கம்ப்யூட்டரிலிருந்து ஏதோ வருகிறது. ஆனால் டிவி ஒத்துக்கொள்ளவில்லை. அலைகள் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தன. அந்தக் கோணலை வைத்து இரண்டு பக்கத்துக்குக் கணக்குப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை முடிவுக்கு வந்தார். படத்தை உண்டாக்குகிற ஐசி போய்விட்டது. இந்தியாவில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். முபீனா வெளியே ஒரு வேலைக்குப் போயிருந்தார். பத்மநாபனே சாந்தாமணிக்குப் போன் செய்தார்.

அந்தப் பக்கம் சாந்தாமணி சொன்னார்:

"சரிங்க. அண்ணனை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

போனை வைத்த பிறகு பத்மநாபனுக்கு என்னவோ போலிருந்தது. தேர்வுத்தாளில் பூஜ்ஜியம் போட்ட நாட்களில்கூட அப்படி இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை குரு வந்ததும் எல்லாவற்றையும் ஒப்பித்தார். கணக்குப் போட்ட தாளையும் நீட்டினார். முபீனா தாளை வாங்கினார். படித்தாரா என்று தெரியவில்லை.

"உயிர் இருக்குதுங்களா இதுக்கு?"

"எதுக்குங்க?"

"கம்ப்யூட்டருக்கு."

"அதான் ஐசி..."

"ஐசியை விடுங்க. இதுக்கு உயிர் இருக்குதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"படம் வந்தாத்தானே தெரியும்?"

"கண்ணு மட்டுந்தான் இருக்குதுங்களா உங்களுக்கு?"

பத்மநாபன் யோசித்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரிப் பெட்டியில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சத்தம் போட ஒரு கட்டளை உண்டு. நீலத்திரையைப் பார்க்காமல், விசைகளை மட்டும் பார்த்து, ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தட்டினார். கடைசி விசையை அழுத்தினார்.

பீப்.

தெருவில் போன பஸ் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்மநாபன் மறுபடி தட்டினார். பீப். இன்னொரு தடவை. பீப்.

"நாலு நாளா நம்ம சொல்றதையெல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்திருக்குது" என்றார் முபீனா.

"சரிங்க, உயிர் இருக்குது. படம் அனுப்பலையே?"

"யாரு சொன்னா?"

"டிவி சொல்லுதே! நாலு நாளா அதைத்தான் சொல்லுது."

முபீனா தன் ஸ்டூலை இழுத்து அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்து, தன் அம்மாவிடம் பேசுகிற உருதுவில் வேகமாக ஏதோ சொன்னார். நீளமான வாக்கியம். கையை வேறு ஆட்டினார்.

பத்மநாபன் விழித்தார்.

"நான் பேசினேங்களா, பேசலீங்களா?"

"பேசினீங்க."

"என்ன சொன்னேன்?"

"புரியலீங்க."

"நான் பேசவே இல்லைன்னு ஏன் நீங்க சொல்லல?"

"அதெப்படி? பேசினது காதுல விழுந்துச்சே. புரியலைங்கறது வேற, பேசலைங்கறது வேற."

முபீனா சுவரில் இருந்த டிவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதாங்க சார்."

பத்மநாபன் நீலத்திரையைப் பார்த்தார். சிக்னல் இல்லை. ஆசிலாஸ்கோப்பில் தெரிந்த கோணல் அலைகள் ஞாபகம் வந்தன. பழைய பெட்டி பழைய முறையில் அனுப்புகிறது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். புது டிவி, கொஞ்சம் பிசகினாலும் திரையை மூடிவிட்டு நீலத்தைக் காட்டும். இதை அவரே வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நான்கு நாளாக அவர் கம்ப்யூட்டரைச் சோதித்தார். ஒயரைச் சோதித்தார். அடாப்டரைச் சோதித்தார். தீர்ப்புச் சொன்ன டிவியை மட்டும் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை.

"உருதுவில என்னங்க சொன்னீங்க?"

"கத்தரிக்காய் வாங்கிட்டுப் போகணும், மறந்துட்டா எங்கம்மா திட்டும்னு சொன்னேன்."

எதிர்ச் சலூனில் ஒரு டப்பா டிவி இருந்தது. பின்பக்கம் வயிறு பெருத்த பழைய ரகம். சலூன்காரர் திருமூர்த்தி அதில் நாள் முழுக்கப் பாட்டு ஓட்டுவார். குருவும் சிஷ்யரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள்.

"என்னுது மழை வந்தாலே ஆடுமுங்க" என்றார் திருமூர்த்தி, கத்திரியை நிறுத்தாமல். "ஆனா எதைக் கொடுத்தாலும் காட்டாம விடாது."

டிவியின் முன்புறம் ஒரு குட்டிக் கதவு. அதைத் திறந்தால் சேனல் பிடிக்கும் திருகு. பத்மநாபன் ஒயரைச் செருகிவிட்டுத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றினார். திரை முழுக்கப் புள்ளிகள் பறந்தன, இரைச்சலோடு. இன்னும் கொஞ்சம். புள்ளிகளுக்கு நடுவே எதுவோ நெளிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மயிரிழை திருப்பினார்.

இரைச்சல் நின்றது. சாம்பல் நிறத் திரையில் கறுப்பாக எழுத்துகள் வந்தன. அடுத்த கட்டளைக்காகக் காத்துக்கொண்டு ஒரு சின்னக் கட்டம் மின்னியது.

படம் ஆடியது. ஓரம் நெளிந்தது. கலர் வரவில்லை. இருந்தும் பத்மநாபன் துறைத்தலைவராக இருந்ததை மறந்து கைதட்டினார். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவரும் எதற்கென்று தெரியாமல் கூடத் தட்டினார்.

முபீனா போனை எடுத்து நீட்டினார்.

"சொல்லுங்க சார்."

"நீங்களே சொல்லிருங்களேன் அம்மிணி."

"போச்சுன்னு சொன்னது யாரு?"

பத்மநாபன் போனை வாங்கினார். வாசலுக்குப் போய் நின்றார். மாணவர்களிடம் அவர் 'தப்பு' என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தைக்கு முன்னால் 'என்' என்று சேர்த்ததாக நினைவில்லை. சாந்தாமணி எடுத்தார்.

"பத்மநாபன் பேசறேங்க. ரிப்பேர் கடை. நேத்து உங்ககிட்ட ஐசி போயிருச்சுன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"அது என் தப்புங்க. எனக்குப் புரியாததை, இல்லைன்னு சொல்லிட்டேன். பெட்டி நல்லாத்தான் இருக்குது. அண்ணன்கிட்ட வர வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.

"நேத்து ராத்திரியே டைப் பண்ணி வச்சேனுங்க. அனுப்பறதுக்குத்தான் விரல் வரல. இப்ப அழிச்சுடறேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சலூனுக்கு ஞாயிறுதான் திருவிழா. டிவியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார் பத்மநாபன். அது எங்கே பழகியதோ அங்கேயே இருக்கட்டும், அசைத்தால் கோபித்துக்கொள்ளும் என்றார் திருமூர்த்தி. அதனால் போட்டி சலூனிலேயே என்று முடிவானது. மூன்று நாற்காலியிலும் ஆள். பெஞ்சிலும் ஆள். டிவிக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார்கள்.

சாந்தாமணி பதினொரு மணிக்கு வந்தார். ஐந்து நிமிடம் கழித்துக் குழந்தைவேலு வந்தார். நரைத்த மீசை, கையில் அல்வாப் பொட்டலம். பொட்டலத்தைத் தங்கையிடம் கொடுக்கவில்லை. இரண்டு ஸ்டூலுக்கும் நடுவில் தரையில் வைத்தார்.

"நல்லா இருக்கியா?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டார்.

"ம்" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார் சாந்தாமணி.

சலூனே கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. பத்மநாபன் சட்டென்று, சாந்தாமணி கொண்டுவந்திருந்த பூனை விளையாட்டுக் கார்ட்ரிட்ஜைப் பெட்டியில் செருகினார்.

முதலில் குழந்தைவேலு ஆடினார். இருபத்தெட்டாயிரத்தில் வாளி பூனையின் தலையில் விழுந்தது. "விசை ஒட்டுது" என்றார். தங்கை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

அடுத்து சாந்தாமணி. பத்தாயிரம். இருபதாயிரம். இருபத்தெட்டாயிரம் தாண்டியதும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முப்பத்தைந்தாயிரம். யாரோ கால் மாற்றி வைத்ததில் ஒயர் இழுபட்டது. திரை முழுக்கப் புள்ளி பறந்தது. பூனையையும் காணோம், வாளியையும் காணோம். ஆட்டத்தின் சத்தம் மட்டும் பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

பத்மநாபன் துள்ளி எழுந்தார். முபீனா அவர் சட்டைக் கையைப் பிடித்தார்.

"இருங்க சார்."

"படம்..."

"இருங்க."

குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார். இடப்பக்கத்து வாளிக்குத் தடித்த சத்தம், வலப்பக்கத்து வாளிக்குக் கீச்சுச் சத்தம்.

"இடம் போ!" என்று கத்தினார். "வலம்! வலம் புள்ளை! இப்ப இடம்... நில்லு, நில்லு, அசையாதே... வலம்!"

சாந்தாமணி வெறும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு அண்ணன் சொன்னபடி விசையைத் தட்டினார். நெற்றியில் வியர்த்தது. திருமூர்த்தி கத்திரியோடு ஓடிவந்து டிவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். படம் திரும்பி வந்தது. பூனை கிணற்றின் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தது. அடிபடவில்லை.

இன்னும் கொஞ்ச தூரம் ஏறித்தான் வாளி விழுந்தது. நாற்பத்திரண்டாயிரத்து நூறு.

சலூன் அதிர்ந்தது. பாதி மீசை எடுத்தவர் ஒருவர் விசிலடித்தார்.

"அப்ப அன்னிக்கு நெசமாத்தான் எடுத்திருக்கறே" என்றார் குழந்தைவேலு.

"நான் எப்பண்ணா பொய் சொல்லியிருக்கேன்?"

"ஆனா இது உன்னுது இல்லை. நடுவுல நான் சொல்லித்தான் ஆடினே. பாதி எனக்கு."

"பாதியா? கால்கூடத் தர மாட்டேன்!"

"கண்ணே தெரியல உனக்கு!"

"விரல் யாருது?"

இருவரும் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். குரல் தெருவரைக்கும் கேட்டது. நடுவில் குழந்தைவேலுவின் குரல் தாழ்ந்தது.

"சாந்தா, அந்தப் பத்திரிகையில உன் வீட்டுக்காரரு பேரு..."

"முதல்ல அந்தப் பொட்டலத்தைப் பிரிண்ணா. பசிக்குது" என்றார் சாந்தாமணி.

அல்வா சலூன் முழுக்கச் சுற்றி வந்தது. குருவும் சிஷ்யரும் தங்கள் பங்கைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். உள்ளே அடுத்த ஆட்டம் தொடங்கியிருந்தது. திரையில் பூனை, நெளிந்துகொண்டே, கலர் இல்லாமல் ஏறியது. இந்த முறை அண்ணன் ஆட, தங்கை பக்கத்தில் உட்கார்ந்து இடம், வலம் என்று வேண்டுமென்றே தப்புத்தப்பாகச் சொன்னார்.

பத்மநாபன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குள் ஏதோ அரித்தது.

"அம்மிணி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"பதினோரு வருஷம் பேச்சு இல்லை. பேரு விட்டது அவர் தப்பா, அச்சகத்துத் தப்பா? இல்லை, இந்தம்மாதான் பெரிசு பண்ணிட்டாங்களா? பழுது எந்தப் பக்கம் இருந்திருக்கும்?"

முபீனா விரலில் ஒட்டிய அல்வாவை நக்கிக்கொண்டே டிவிப் பக்கம் தலையை அசைத்தார்.

"படம் வருதுங்களா?"

"வருதுங்க."

"அப்ப மூடியைக் கழட்டாதீங்க சார்."